மூன்று கேள்வி கேட்காமல் பசை தொடாதவர்

பசை விற்றுப் பிழைக்கிறவனிடம் போய்ப் பசையைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளியே வந்துவிடும். பினாங்கு ஜார்ஜ்டவுனில் இருபது வருடமாக ஹார்ட்வேர் கடை நடத்தும் எனக்கு அந்த நிலைமை ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தது. கொண்டு வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்.

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், இப்போது குடிபோயிருக்கும் ஜொகூரிலிருந்து போன் போட்டு, "யாரக் கேட்டு எழுதுனீங்க பாய்?" என்று ஆரம்பிப்பார். அவருடைய கேள்விகளுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொன்ன நாள் குறைவு.

அன்று கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தார். கழுத்தில் அட்டை தொங்கியது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"பாய், பிளேன் ஒட்டக் கம் வேணும்."

யாரோ பிள்ளையின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து, சூப்பர் குளூ குப்பி ஒன்றை எடுத்து மேசைமேல் தள்ளினேன்.

"இது எத எதோட ஒட்டும்?"

"எல்லாத்தையும் எல்லாத்தோடயும் ஒட்டும்மா."

"வெயில்ல நிக்குமா?"

"நல்லா நிக்கும்."

"பின்னாடி கழட்டணும்னா கழட்ட வருமா?"

"கழட்டக்கூடாதுன்னுதானம்மா ஒட்டுறோம்" என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு துண்டு வெள்ளை நுரையை எடுத்தார். மீன் பெட்டி செய்வார்களே, அந்த நுரை. குப்பியைத் திறந்து ஒரே ஒரு சொட்டு விட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரை கரைந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. இப்போதும் வரிசை சிரித்தது. இந்த முறை என்னைப் பார்த்து. இருபது வருட வியாபாரியின் மானம் ஒரு சொட்டில் கப்பலேறிவிட்டது.

"கம் மேல தப்பு இல்ல பாய். கேக்காம ஊத்துனாத்தான் தப்பு" என்றார். "மரத்துக்கு இது நல்லாவே பிடிக்கும்" என்று அந்தக் குப்பியையும் எடுத்துக்கொண்டு, தச்சர்கள் வாங்கும் வெள்ளைப் பசை ஒரு டப்பாவும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம். அடுத்த தடவை வந்தபோது, அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன். ரிமோட்டில் பறக்கிற மாதிரி விமானம் கட்டுகிறாராம். நிபோங் திபாலுக்கு அந்தப் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு திடல் இருக்கிறதாம், ஞாயிறு காலையில் தீவிலிருந்து நாலு பேர் போய்ப் பறக்கவிடுவார்களாம். தப்புக் கண்டுபிடிக்கத்தான் போனேன். பாலம் தாண்டி அவ்வளவு தூரம் காடியை ஓட்டிக்கொண்டு போனவன், அவருடைய விமானம் புல்லை விட்டு எழும்பியதைப் பார்த்ததும் வாயைப் பிளந்தேன். மறு ஞாயிறு ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துவிட்டேன்.

அவருக்குப் பாயான் லெப்பாஸில் ஒரு கம்பெனியில் வேலை. கைப்பேசிக் கேமராவுக்குள் இருக்கும் கடுகளவு கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டும் லைன். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடி இருக்க வேண்டும். ஒரு சொட்டுப் பசை கூடினாலும் சாமான் குப்பைக்குப் போகும். அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தார். எத எதோட ஒட்டணும், வெயில்ல நிக்கணுமா, கழட்ட வேண்டி வருமா. இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளாமல் எந்த மூடியையும் திறக்க மாட்டார். அறுந்த செருப்பை ஒட்டுவதற்கும் இதே விசாரணைதான்.

சுங்கை பினாங்கில் பதினோராவது மாடியில் அவர் வீடு. ஒருமுறை பெருநாள் பலகாரம் கொடுக்கப் போனேன். மழைக்காலம். சாப்பாட்டு மேசைமேல் விமானத்தின் வால் பகுதி படுத்திருந்தது. அதன்மேல் அரிசிப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. அவருடைய கணவர், லாரி ஓட்டுகிறவர், பரம சாது, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு நாளாத் தரைதான் பாய்" என்றார் அந்த மனிதர். "வெள்ளக் கம் போட்டிருக்காங்க. மழ நிக்கலயாம், அது காயலயாம்."

"சூப்பர் குளூ போட்டா மூணு செகண்டுல முடிஞ்சிருக்குமே தங்கச்சி" என்றேன், அடுப்படிப் பக்கம் பார்த்து.

"முடிஞ்சிருக்கும். கோணலா வச்சுட்டா மூணு செகண்டுல கோணலாவே முடிஞ்சிருக்கும்" என்றார் அவர் உள்ளேயிருந்து. "வெள்ளக் கம்மு அரை மணி நேரம் நம்மள நகத்த விடும் பாய். நேரா இருக்கான்னு பாத்துப் பாத்து வைக்கலாம். மேச எங்க போவப்போவுது?"

கணவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். அந்த மனிதருக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

நான் கொண்டு போன பலகாரம் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் இருந்தது. பலகாரத்தைத் தட்டில் கொட்டிவிட்டுப் போத்தலைத்தான் அவர் ஆசையாகப் பார்த்தார். அதை வெட்டி விமானி அறையின் கண்ணாடியாக வைத்தார். அதற்கு வேறு பசை. காய்ந்தால் தெளிந்துவிடும், கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும், வேண்டுமென்றால் நகத்தால் உரித்துவிடலாம். எங்கள் ஐந்து பேரில் ஒருவனான ஏர்கோன் மெக்கானிக் குமார் அதைப் பார்த்து ஆசைப்பட்டுத் தன் விமானத்துக்கும் ஒரு கண்ணாடி வெட்டி, சூப்பர் குளூ போட்டு ஒட்டினான். மறுநாள் காலையில் கண்ணாடி முழுக்கப் புகை படிந்ததுபோல வெளுத்துப்போய், உள்ளே உட்கார்ந்திருந்த பொம்மை விமானிக்குக் கண்புரை வந்த மாதிரி இருந்தது. "அக்கா, அந்த டப்பாப் பேரு என்ன சொன்னீங்க?" என்று அப்போது கேட்டான்.

எல்லா நேரமும் அவரைப் பிடித்திருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். நானே கட்டிய முதல் விமானத்தின் மூக்கில், மோட்டாரைத் தாங்கும் பலகையை ஐந்து நிமிடப் பசையால் ஒட்டினேன். இரண்டு குழாயிலிருந்து சம அளவு பிதுக்கிக் கலந்து தடவுவது. கல் மாதிரி இறுகியது. ஒரு ஞாயிறு பறக்கவிட்டுத் திரும்பும் வழியில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துவிட்டேன். விமானம் கண்ணாடி ஏற்றிய காடிக்குள் வெந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து தூக்கினால் மோட்டார் கையோடு வந்துவிட்டது. இறுகிய பசை சூட்டில் ரப்பராகியிருந்தது.

அவரிடம் படம் அனுப்பினேன். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். "வெயில்ல நிக்குமான்னு கேட்டீங்களா?" என்று ஒரே வரி வந்தது. இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் அவரே கடைக்கு வந்து, மெதுவாக இறுகும் வேறு வகைப் பசையைக் காட்டி, "மோட்டாருக்கு இது பாய். மெதுவா இறுகுற ரகம், சூடு தாங்கும்" என்றார். மன்னிப்பும் கேட்கவில்லை, சமாதானமும் பேசவில்லை. எனக்கும் கோபம் போய்விட்டது. ஏன் போனது என்று தெரியவில்லை.

அவருடைய விமானத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இவ்வளவு பசை ஞானம் உள்ளவர், இறக்கையை உடம்போடு ஒட்டவே இல்லை. நுரையில் செய்த ஒரே துண்டு இறக்கை, உடம்பின்மேல் குறுக்கே வைத்து ரப்பர் வளையங்களால் கட்டியிருப்பார். பட்டர்வொர்த் கோஷ்டி அதைப் பார்த்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் என்று கேலி செய்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எங்கயாவது இடிச்சா எறக்க கழண்டு விழணும். கழண்டாத்தான் ரெண்டும் பொழைக்கும்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

பட்டர்வொர்த் கோஷ்டி என்று சொன்னேன் அல்லவா, வினை அங்கிருந்துதான் வந்தது. அவர்களும் அதே திடலில் பறக்கவிடுகிறவர்கள், முன்பு சனிக்கிழமைகளில். அவர்களுக்கும் ஞாயிறு வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு கோஷ்டி பறக்கவிட்டால் வானத்தில் மோதல், கீழே அதைவிடப் பெரிய மோதல். இரண்டு தரமும் பேசிப் பேசிக் கடைசியில் ஒரு போட்டிக்கு வந்தோம். ஜெயிக்கிறவர்களுக்கு ஞாயிறு காலை. சமமாக முடிந்தால், திடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் என்ற முறையில் அவர்களுக்கே ஞாயிறு.

எங்களில் மற்றவர்கள் எப்படியாவது சனிக்கிழமைக்கு மாறிவிடுவோம். அவருக்கு முடியாது. அந்தக் கம்பெனியில் சனி வேலை நாள். போட்டிக்கு முந்திய வாரம் கடையில் நின்றபடி சொன்னார்:

"ஆறு நாளும் கீழ குனிஞ்சேதான் பாக்குறேன் பாய். தலயத் தூக்கி மேல பாக்குறது அந்த ஒரு காலைலதான். அது போச்சுன்னா பிளேன யாருக்காவது குடுத்துருவேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். கொடுக்க மாட்டீர்கள் என்று சொல்ல நினைத்தேன், கடையில் ஆள் வந்துவிட்டது.

போட்டி விதி சுலபம். ஒரு தரப்புக்கு ஒரு விமானம். மூன்று தடவை பறக்க வேண்டும். சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் இறக்கினால் ஒரு புள்ளி. எதிர்த் தரப்பு இறங்கியதிலிருந்து பத்து நிமிடம், அதற்குள்தான் என்ன பழுது இருந்தாலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடிகாரம் பட்டர்வொர்த் தலைவர் கையில். பஸ் பட்டறைக்காரர், பெரிய மீசை, ஆனால் நேர்மையான மனிதர். எங்கள் பக்கம் பறக்கவிடுவது யார் என்ற பேச்சே எழவில்லை. விமானம் அவருடையது, விரல்களும் அவருடையவையே.

முதல் சுற்றில் இரண்டு விமானமும் வட்டத்துக்குள் இறங்கின. இரண்டாவது சுற்றில் அவர்களுடையது கோட்டைத் தாண்டிச் சறுக்கிப் போனது. குமார் குதித்தான். எங்களுடையது அழகாக இறங்கி வந்தது. கடைசி நேரத்தில் செம்பனைப் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. விமானம் பக்கவாட்டில் நகர்ந்து, பந்து விளையாடும் கோல் கம்பத்தில் போய் இடித்தது.

எல்லோரும் ஓடினோம். ரப்பர் வளையங்கள் கழன்று, இறக்கை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் கிடந்தன. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் இறக்கையின் நட்டநடுவில், சரியாக உடம்பின்மேல் உட்காரும் இடத்தில், பாதி அகலத்துக்குப் பிளவு. அதைத் தூக்கினால் வாழை இலை மாதிரி மடிந்தது.

இதற்குள் அவர்களுடைய மூன்றாவது பறத்தலும் முடிந்தது. அவசரத்தில் வேகமாக இறக்கி, வட்டத்துக்கு ஒரு முழம் வெளியே நின்றார்கள். ஆகக் கணக்கு ஒன்றுக்கு ஒன்று. நாங்கள் வட்டத்துக்குள் இறக்கினால் ஞாயிறு எங்களுக்கு. இறக்காவிட்டால் அவர்களுக்கு.

"பத்து நிமிசம்" என்றார் தலைவர்.

குமார் சூப்பர் குளூ குப்பியைத் திறந்தேவிட்டான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே, திடலில் இத்தனை பேர் பார்க்க, ஆரம்பித்தார்:

"எத எதோட ஒட்டணும்? நுரையோட நுரை. அப்ப இது வேணாம் தம்பி, தின்னுரும்."

"அக்கா, டைம் ஓடுது லா!"

"ஓடட்டும். வெயில்ல நிக்கணுமா? மேல ரெண்டு நிமிசம் நின்னாப் போதும். கழட்ட வேண்டி வருமா? வராது. இன்னிக்கு எறங்குனப்புறம் நான் புதுசா ஒண்ணு செஞ்சுக்குவேன்."

ஒரு நிமிடம் போயே போய்விட்டது. அவர் பெட்டியைத் திறந்து எடுத்தது அந்த ஐந்து நிமிடப் பசையை. என் மோட்டாரை விழ வைத்த அதே ரகம்.

"அஞ்சு நிமிசம்னு போட்டிருந்தாலும் நல்லா இறுக அரை மணி ஆகும்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றேன்.

"எங்க லைன்ல இதுக்குச் சூடு காட்டுவோம் பாய். சூட்டுல சீக்கிரம் இறுகும். உங்க காடி கறுப்புதானே?"

என் காடி காலையிலிருந்து வெட்டவெளியில் நின்றிருந்தது. அவர் ஒரு காகிதத் தட்டில் பசையைக் கலந்தார். பிளவுக்குள் தடவினார். சாத்தே கறி குத்தும் மூங்கில் குச்சி இரண்டை ஒடித்துக் குறுக்கே செருகினார். மேலும் கீழும் தெளிவான டேப் ஒட்டினார். பானட்டின்மேல் புறங்கையை வைத்து மூன்று எண்ணினார். "கை தாங்குது. நுரையும் தாங்கும்" என்று இறக்கையை அதன்மேல் படுக்க வைத்தார்.

"பெயிண்ட் போயிரும்மா!" என்று நான் கத்தியதை இன்றுவரை குமார் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

தட்டில் மிச்சமிருந்த பசையையும் இறக்கைக்குப் பக்கத்திலேயே வைத்தார். பல்குச்சியால் அதைத்தான் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார், இறக்கையைத் தொடவே இல்லை. குத்தினால் நூல் இழுத்தது. பிறகு இழுக்கவில்லை. பிறகு குச்சி உள்ளே போகவில்லை, அமுங்கி மட்டும் கொடுத்தது.

"ஆறு நிமிசம் போச்சு" என்றார் தலைவர்.

"இறுகிருச்சு. ஆனா சூடா இருக்கு, ரப்பர் மாதிரி வளையும். குளுந்தாத்தான் கல்லாகும்" என்றார் அவர். நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார். எங்கள் எல்லோர் கையிலும் காலைப் பசியாறலோடு வாங்கிய, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேநீர்ப் பொட்டலங்கள். "தே ஆயிஸ் வச்சிருக்கவங்க எல்லாரும் குடுங்க!"

குமார் கொடுத்தான். நான் கொடுத்தேன். எனக்கு இனிப்புக் குறைவாகப் போட்டது, இரண்டு வாய்தான் குடித்திருந்தேன். அவற்றை ஒரு துண்டில் சுற்றிப் பிளவின்மேல் மெதுவாக வைத்தார். "பத்தல" என்றார். அப்போது பட்டர்வொர்த் தலைவர் ஒரு கையில் கடிகாரத்தைப் பிடித்தபடி, மறு கையிலிருந்த தன் பொட்டலத்தை நீட்டினார். அவருடைய ஆட்கள் முறைத்தார்கள்.

"டைம் நான் விடமாட்டேன் தங்கச்சி. தண்ணி எடுத்துக்குங்க" என்றார்.

ஒன்பதாவது நிமிடம் துண்டை எடுத்தார். தட்டில் இருந்த பசையை நகத்தால் தட்டினார். டக் டக் என்றது. ரப்பர் வளையங்களை மாட்டி, சரியாக நேரம் முடியும்போது குமார் கையில் கொடுத்து எறியச் சொன்னார்.

விமானம் எழும்பியது. நான் பிஸ்மில்லா சொன்னேன். குமார் முருகா என்றான். முதல் திருப்பத்தில் இறக்கை நுனி கொஞ்சம் மேலே வளைந்ததைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. திறந்தால், செம்பனை மரங்களுக்கு மேலே வெயிலில் வெள்ளையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் பயம் என்று ஒன்றும் இல்லை. பதில் தெரிந்த பிள்ளை பரீட்சை எழுதுகிற முகம். இரண்டு சுற்று. பிறகு மோட்டாரை அணைத்து, காற்று ஓயும்வரை மேலேயே ஒரு கணம் மிதக்கவிட்டு, சரித்து, தாழ்த்தி, புல்லில் வைத்தார். சறுக்கிக்கொண்டு வந்து வட்டத்தின் நடுவில் நின்றது. கோட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை, நட்டநடுவில்.

குமார் புல்லில் விழுந்து புரண்டான். நான் என் வயதை மறந்து கத்தினேன், தொண்டை இரண்டு நாள் கட்டியிருந்தது. போட்டி பார்க்க வந்திருந்த அவருடைய கணவர், தரையில் சாப்பிட்ட அந்த நல்ல மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் நடந்து வந்து கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். "ஞாயித்துக்கெழம உங்களுது தங்கச்சி."

இந்த இடத்தில் நம் பெண்கள், அதெல்லாம் ஒன்றுமில்லை அண்ணே, காற்று நன்றாக இருந்தது என்று ஏதாவது சொல்வார்கள். அவர் சொல்லவில்லை.

"ஆமாண்ணே, எங்களுது" என்றார்.

விமானத்தைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. இறக்கையைத் தூக்கிப் பிளவு இருந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார், புது பேட்டரி ஒன்றை எடுத்து மாட்டினார்.

"என்ன தங்கச்சி, மறுபடியுமா? உடைஞ்சு தொலைக்கப் போவுது!"

"உடையட்டும் பாய். மணி இன்னும் பத்துகூட ஆவல."

குமார் எறிந்தான். இரண்டு கோஷ்டியும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பேட்டரி தீர்ந்தால் இறக்கினார், மாற்றினார், ஏற்றினார். மத்தியானம் ஒரு மணி வரைக்கும் அவரை நிறுத்தச் சொல்லி யாரும் வாயைத் திறக்கவில்லை.